"உங்க பேரை வேற ஒருத்தர் கேட்கறார்": டொமைன் மிரட்டல் மெயில் எங்கிருந்து வந்தது?

இந்த வார எபிசோட் எங்க வீட்டுக் கதையில இருந்து ஆரம்பிக்குது. அங்கிருந்து 1970கள் கலிஃபோர்னியாவுக்குப் போவோம், நடுவுல கனடா வரும், சீனா வரும், கடைசியில மறுபடி வீட்டுக்கே வருவோம்.

என் சித்தப்பா கரூரில் ஒரு சின்ன ஏற்றுமதி யூனிட் வைத்திருக்கிறார். டேபிள் கிளாத், கிச்சன் டவல், திரைச்சீலை. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டு முடித்ததும் என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப் போய், மேசை டிராயரில் இருந்து நாலாக மடித்த ஒரு பிரிண்ட் அவுட்டை எடுத்துக் கொடுத்தார்.

"தம்பி, இதை ஒருக்கா படிச்சுப் பாரு. சைனாக்காரன் நம்ம பேரை எடுக்கறானாமா."

படித்தேன். ஷாங்காயில் இருக்கும் ஒரு டொமைன் பதிவு நிறுவனம் எழுதுகிறதாம். ஏதோ ஒரு சீனக் கம்பெனி, சித்தப்பா கம்பெனியின் பெயரை 'இன்டர்நெட் கீவேர்ட்' ஆகவும், டாட் சிஎன், டாட் காம் டாட் சிஎன், டாட் நெட் டாட் சிஎன் என்று வரிசையாக டொமைன்களாகவும் பதிவு செய்ய விண்ணப்பித்திருக்கிறதாம். பெயர் உங்களுடையதோடு ஒத்துப்போவதால், பதிவு செய்வதற்கு முன் உங்களிடம் கேட்கிறோம். அந்தக் கம்பெனி உங்கள் ஏஜென்ட்டா? உங்களுக்கு ஆட்சேபணை உண்டா? அவசரம், உங்கள் முதலாளியிடம் உடனே காட்டுங்கள்.

"நீங்க பதில் எதுவும் போடலீங்களே சித்தப்பா?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பணமே கட்டிட்டேன்" என்றார்.

38 ஆயிரம் ரூபாய். கட்டி நாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, அந்த வெப்சைட்டையே செய்து கொடுத்தவன் நான்தான். ஏன் கேட்கவில்லை என்றதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "நீ ஆபீஸ்ல வேலையா இருப்பே. அதுவும் இத்தனை வயசாகி ஏமாந்துட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் முதலில் ஷாங்காய் மேல் வந்தது. படிக்கப் படிக்க, இது ஒரு மோசடிக்காரனின் மூளையில் மட்டும் பிறந்த விஷயம் இல்லை என்று புரிந்தது. டொமைன் பெயர்களின் வரலாறு முழுக்க இதற்கான இடம் காலியாக இருந்துகொண்டே இருக்கிறது. அந்த வரலாறுதான் இன்றைய எபிசோட்.

எல்லோரும் எல்லோரையும் தெரிந்து வைத்திருந்த ஊர்

இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் கம்ப்யூட்டர்களின் பெயர்ப் பட்டியல் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் இருந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த தகவல் மையம் அதைப் பராமரித்தது. எலிசபெத் ஃபைன்லர் என்பவர் 1972 முதல் 1989 வரை அந்த மையத்தை நடத்தினார். புதுக் கம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டுமா? அவருடைய குழுவிடம் சொன்னால் போதும். யாருக்கு எந்தப் பெயர் என்பதில் குழப்பமே இல்லை, சொல்லும் இடம் ஒன்றுதான்.

அதே மையம் ஆர்பாநெட் பயனர்களின் டைரக்டரியும் போட்டது. நம்ம ஊர் டெலிபோன் டைரக்டரி மாதிரியே அச்சில் வந்த புத்தகம். 1982இல் அதை ஆன்லைனில் கேட்டுப் பார்க்க ஒரு வழி வந்தது. அதுதான் 'ஹூ இஸ்'. ஒரு பெயரைத் தட்டினால் அந்த ஆளின் முகவரி, போன் நம்பர், மெயில் ஐடி எல்லாம் வரும். மெஷின் பிரச்சினை பண்ணினால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும் இல்லையா? ஆராய்ச்சியாளர்களும் ராணுவ ஒப்பந்தக்காரர்களும் மட்டும் இருந்த ஊரில் கதவைப் பூட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை.

1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டொமைன் பெயர் அமைப்பை வடிவமைத்தார். 1985 மார்ச் 15 அன்று முதல் டாட் காம் பெயர் பதிவானது. சிம்பாலிக்ஸ் என்ற மாசசூசெட்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி வாங்கியது. பதிவுக் கட்டணம்? ஒன்றும் கிடையாது. பத்து வருடம் இலவசம்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க. பில் இல்லாத வரைக்கும் பொய் பில்லும் இல்லை.

முதல் பில், அப்புறம் பல கடைகள்

1993 முதல் பதிவு வேலையை நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனம், அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஒப்பந்தத்தில் செய்து வந்தது. 1995 செப்டம்பரில் கட்டணம் வந்தது: இரண்டு வருடத்துக்கு 100 டாலர். அன்று முதல் டொமைன் என்பது வாடகை வீடு. வருடா வருடம் யாருக்கோ கட்ட வேண்டும், மறந்தால் போய்விடும். ஆனாலும் அந்த 'யாருக்கோ' ஒரே ஆள்தான்.

1998இல் ஐகேன் என்ற அமைப்பு உருவானது. 1999இல் அது சந்தையைத் திறந்துவிட்டது. முதலில் ஐந்து கம்பெனிகளுக்கு சோதனை அனுமதி, பிறகு இன்னும் நிறைய பேருக்கு. இவர்களைத்தான் ரெஜிஸ்ட்ரார் என்கிறோம். போட்டியால் விலை குறைந்தது, அது நல்ல விஷயம். ஆனால் இப்போது ஒரு சாதாரண ஆளிடம் "உன் டொமைன் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டால் யோசிக்க வேண்டிய நிலை.

இதே கதை ஏற்கெனவே டெலிபோனில் நடந்திருந்தது. 1984இல் ஏடி அண்ட் டியை உடைத்த பிறகு அமெரிக்காவில் தொலைதூர அழைப்புக்குப் பல கம்பெனிகள் வந்தன. வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவருடைய இணைப்பைத் தங்கள் பக்கம் மாற்றிக்கொள்ளும் வேலையும் வந்தது. அதற்கு 'ஸ்லாமிங்' என்று பெயர். 1996 தொலைத்தொடர்புச் சட்டம் அதைத் தடை செய்தது. டொமைனில் அதே வேலை நடந்தபோது பெயரையும் அங்கிருந்தே எடுத்தார்கள்: டொமைன் ஸ்லாமிங்.

இன்னொரு பக்கம், அந்தப் பழைய டைரக்டரி அப்படியே திறந்து கிடந்தது. ஐகேன் ஒப்பந்தப்படி ரெஜிஸ்ட்ரார்கள் தங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஹூ இஸ்ஸில் வெளியிட்டே ஆக வேண்டும். அதுமட்டுமில்லை, வருடத்துக்கு அதிகபட்சம் 10,000 டாலர் வாங்கிக்கொண்டு மொத்தப் பட்டியலையும் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. ஸ்பேம் மெயில் அனுப்பக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. தபாலில் அனுப்பக் கூடாது என்று அன்றைய ஐகேன் விதி சொல்லவில்லை.

வெரியோ என்ற வெப் ஹோஸ்டிங் கம்பெனி ஒரு ரோபோ எழுதியது. ரெஜிஸ்டர் டாட் காமில் அன்றாடம் புதிதாகப் பதிவானவர்களின் விவரத்தை ஹூ இஸ்ஸில் இருந்து அள்ளும். பிறகு அவர்களுக்கு மெயில், தபால், போன். அந்த வேட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கோழிக்கூடு ப்ராஜெக்ட்'. ரெஜிஸ்டர் டாட் காம் வழக்குப் போட்டு 2000 டிசம்பரில் தடை வாங்கியது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நீங்க எப்பவாவது ஒரு டொமைன் வாங்கினதும், ஒரு மணி நேரத்துல "சார், வெப்சைட் டிசைன் பண்ணித் தரோம்"னு போன் வந்திருக்கா? எனக்கு காலேஜ் மூணாவது வருஷத்துல முதல் டொமைன் வாங்கினப்ப ஒரே நாள்ல 11 போன் வந்துச்சு. அந்தக் கோழிக்கூடு நம்ம ஊர்லயும் ரொம்ப நாள் ஓடிட்டு இருந்துச்சு.

கொடி போட்ட கவர்

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டொமைன் வைத்திருந்தவர்களுக்குத் தபாலில் ஒரு கவர் வர ஆரம்பித்தது. அனுப்பியது 'டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா'. பெயரைக் கேட்டால் அரசு அலுவலகம் மாதிரி இருக்கும், உள்ளே அமெரிக்கக் கொடியும் இருக்கும். கம்பெனி நடந்தது கனடாவின் ஒன்டாரியோவில். உங்கள் டொமைன் காலாவதி ஆகப் போகிறது, இந்தத் தேதிக்குள் பணம் அனுப்புங்கள் என்று கடிதம் சொல்லும். பணம் கட்டினால் புதுப்பித்தல் நடக்கும்தான், ஆனால் கூடவே உங்கள் டொமைன் பழைய ரெஜிஸ்ட்ராரிடம் இருந்து இவர்கள் கைக்கு மாறிவிடும், அதுவும் கூடுதல் விலைக்கு.

இதில் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், கடிதத்தில் எல்லாமே பொய் இல்லை. டொமைன் பெயர் சரி, காலாவதி தேதி சரி, உங்கள் முகவரி சரி. எல்லாம் ஹூ இஸ்ஸில் இருந்து எடுத்தது. 'இது பில் அல்ல' என்ற வரிகூட எங்காவது இருக்கும். அந்த வரிக்கும் ஒரு வரலாறு உண்டு. பில் போலத் தோற்றம் தரும் விளம்பரத்தைத் தபாலில் அனுப்பினால், இது பில் இல்லை, நீங்கள் பணம் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று அதிலேயே அச்சிட வேண்டும் என அமெரிக்க அஞ்சல் சட்டத்தில் விதி இருக்கிறது. அப்படி ஒரு விதி போடும் அளவுக்கு அது இன்டர்நெட்டுக்கு முந்தைய, பழைய வியாபாரம்.

2003 டிசம்பரில் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்தக் கம்பெனியோடு ஒரு சமரச உத்தரவு பெற்றது. 50,000 வாடிக்கையாளர்கள் வரை பணம் திரும்பப் பெறலாம் என்று அதில் வழி செய்யப்பட்டது. அதே வருடம் செப்டம்பரில் இன்னொரு நிறுவனமும் இதே மாதிரிக் குற்றச்சாட்டுக்காக கமிஷனோடு சமரசம் செய்துகொண்டது. யார் தெரியுமா? நெட்வொர்க் சொல்யூஷன்ஸ். ஒரு காலத்தில் ஊருக்கே ஒரே கடையாக இருந்தவர்கள், போட்டியாளர்களின் வாடிக்கையாளர்களுக்குக் காலாவதி நோட்டீஸ் அனுப்பியதாகப் புகார்.

ஐகேன் 2004 நவம்பரில் டொமைன் மாற்றத்துக்குப் புதிய விதிகளைக் கொண்டு வந்தது. இன்று டாட் காம் பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற, உங்கள் கணக்கில் இருந்து ஒரு ரகசியக் குறியீடு எடுத்துக் கொடுக்க வேண்டும், லாக்கைத் திறக்க வேண்டும். ஆனாலும் கவர் நிற்கவில்லை. 2014 ஜூலையில், அந்தக் கடிதங்களோடு தொடர்புடைய பிராண்டன் கிரே என்ற ரெஜிஸ்ட்ராரை ஐகேன் 90 நாள் இடைநீக்கம் செய்தது. முதல் உத்தரவுக்கும் இதற்கும் நடுவில் பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி!

ஷாங்காய் மெயில்

இப்போ சித்தப்பாவுக்கு வந்த மெயிலுக்கு வருவோம். கனடா கவர், கையில் இருக்கும் பெயர் போய்விடும் என்று பயமுறுத்தியது. சீன மெயில், உங்களிடம் இல்லாத பெயரைக் காட்டிப் பயமுறுத்துகிறது.

அதில் வரும் 'இன்டர்நெட் கீவேர்ட்' வெறும் கற்பனை இல்லை. 1990களின் கடைசியில், டொமைன் பெயரைத் தட்டாமல், பிரவுசரின் முகவரிப் பட்டையில் கம்பெனியின் பெயரை மட்டும் தட்டினால் போதும் என்ற சேவைகள் வந்தன. அமெரிக்காவில் ரியல்நேம்ஸ், 2002இல் மூடப்பட்டது. சீனாவில் 3721 என்ற கம்பெனி, 1998இல் தொடங்கியது. ஆங்கில எழுத்தில் முகவரி தட்டச் சிரமப்பட்டவர்கள் சீன மொழியிலேயே பெயரைத் தட்டலாம் என்பதால் அது பெரிதாக ஓடியது. 2003இல் யாஹூ அதை வாங்கியது. தேடுபொறிகள் நன்றாக வளர்ந்ததும் அந்தத் தேவையே போய்விட்டது. இன்றைக்கு மெயிலில் வரும் 'கீவேர்ட்', விலாசம் காலியான ஒரு வீட்டின் சாவி. வாங்கினாலும் திறப்பதற்குக் கதவு இல்லை.

டாட் சிஎன் பட்டியலுக்கும் காரணம் இருக்கிறது. 2003 மார்ச் வரை நேரடியாக டாட் சிஎன் பெயர் வாங்க முடியாது, டாட் காம் டாட் சிஎன், டாட் நெட் டாட் சிஎன் மாதிரிதான் வாங்க வேண்டும். அதனால்தான் மெயிலில் அத்தனை வகை. 2007இல் சலுகை விலையில் ஒரு யுவானுக்கே டாட் சிஎன் கிடைத்தது. அவ்வளவு மலிவாகக் கிடைத்த பொருளைத்தான் வெளிநாட்டுக்காரருக்குப் பல மடங்கு விலையில் விற்கிறார்கள். சில சமயம் நிஜமாகவே பதிவு செய்தும் கொடுப்பார்கள். அதனால் இது மோசடியா, அநியாய விலையா என்று வாதாட இடம் கிடைத்துவிடுகிறது.

இந்த மெயிலை உடைக்க ஒரே ஒரு உண்மை போதும். டொமைன் பதிவு என்பது முதலில் வருபவருக்கு முதலில். ஒரு பெயரை ஒருவர் கேட்டால், அதே மாதிரி பெயர் உலகத்தில் வேறு யாருக்கு இருக்கிறது என்று ரெஜிஸ்ட்ரார் தேடிப் போய் அனுமதி கேட்பதில்லை. யாராவது நிஜமாகவே உங்கள் பெயரை எடுத்திருந்தால் உங்களுக்கு மெயிலே வந்திருக்காது. அந்த விண்ணப்பதாரர் இல்லவே இல்லை. நீங்கள் "வேண்டாம், எங்களுக்கே வேண்டும்" என்று பதில் போடும்போதுதான் விற்பனை தொடங்குகிறது.

2018 மே 25இல் ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும், ஹூ இஸ்ஸில் தனிநபர் விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டன. 2025 ஜனவரி 28 முதல் டாட் காம் போன்ற பெயர்களுக்கு பழைய ஹூ இஸ் கட்டாயம் இல்லை, ஆர்டாப் என்ற புதிய முறை அதன் இடத்துக்கு வந்துவிட்டது. டைரக்டரி கடைசியில் மூடப்பட்டது. ஆனால் சித்தப்பாவின் மெயில் ஐடி, பையர் பார்க்க வேண்டும் என்று அவருடைய வெப்சைட்டிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறதே. ஏற்றுமதிக்காரர் அதை எப்படி மறைப்பார்?

என்ன பண்ணலாம்?

முதல்ல, உங்க ரெஜிஸ்ட்ரார் யாருன்னு தெரிஞ்சுக்கோங்க. ஐகேனின் லுக்அப் பக்கத்தில் டொமைனைத் தட்டினால், உரிமையாளர் விவரம் மறைந்திருந்தாலும் ரெஜிஸ்ட்ரார் பெயரும் காலாவதி தேதியும் தெரியும். டாட் இன் பெயருக்கு அதன் ரெஜிஸ்ட்ரி பக்கத்தில் பார்க்கலாம். வந்த மெயில் அந்த ரெஜிஸ்ட்ரார் பெயரில் இல்லையென்றால் அது உங்கள் பில் இல்லை.

அந்தப் பெயரிலேயே வந்திருந்தாலும் மெயிலில் இருக்கும் லிங்க்கைத் தொடாதீர்கள். ரெஜிஸ்ட்ராரின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். பில் நிஜம் என்றால் அங்கேயும் இருக்கும்.

ஷாங்காய் மெயிலுக்கு "வேண்டாம்" என்றுகூட பதில் போட வேண்டாம். பதில் வந்த ஐடி என்றாலே அடுத்த மெயில் வரும், போனும் வரலாம். உங்கள் பிராண்டை நிஜமாகவே ஒருவர் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்தால், அதற்கு 1999 முதல் தனித் தீர்வு முறை இருக்கிறது. சீனாவின் டாட் சிஎன்னுக்கும் நம்ம டாட் இன்னுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. சீனாவில் வியாபாரம் பண்ணும் எண்ணம் இருந்தால், நீங்களே ஒரு நல்ல ரெஜிஸ்ட்ரார் மூலம் நிதானமாக வாங்கலாம்.

பதற்றம் வேண்டாம். டாட் காம் மாதிரிப் பெயர்களுக்கு, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. பெயர் ரத்தானாலும் 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது, கட்டணம்தான் அதிகம். "இன்று மாலைக்குள்" என்று ஒரு மெயில் சொன்னால், அந்த அவசரம் அவர்களுடையது.

பணம் கட்டிவிட்டீர்களா? உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், 1930க்கு போன் பண்ணுங்கள். டொமைனே மாறிவிட்டது என்றால் பழைய ரெஜிஸ்ட்ராரை அன்றே பிடியுங்கள். வெட்கப்பட்டு நாள் கடத்தக் கடத்த வாய்ப்பு குறையும். சித்தப்பா விஷயத்தில் நாலு மாதம் போய்விட்டது. வங்கியில் கேட்டுப் பார்த்தோம், பணம் திரும்பவில்லை.

கடைசியா ஒண்ணு. இது என் தப்பு.

சித்தப்பாவின் டொமைனை நான் காலேஜில் இருந்தபோது என் மெயில் ஐடியில், என் பெயரில் வாங்கினேன். ரினியூவல் என் கார்டில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. யாரிடம் வாங்கினேன், எப்போது முடிகிறது, வருடத்துக்கு எவ்வளவு, எதுவும் அவரிடம் சொன்னதில்லை. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சித்தப்பா" என்பதே என் பதில். 20 வருடமாக லட்சக்கணக்கில் சரக்கு அனுப்புகிறவர், நூல் விலையில் ஐந்து பைசா ஏமாறாதவர். டொமைன் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க கையில் ஒரு நிஜ பில்கூட இல்லை. நிஜ பில்லையே பார்க்காதவர் பொய் பில்லை எப்படிக் கண்டுபிடிப்பார்?

தீபாவளி முடிந்த மறுநாள் டொமைனை அவருடைய கம்பெனி பெயருக்கும் மெயிலுக்கும் மாற்றினோம். பாஸ்வேர்டை அவரே போட்டார். ஒரு ஏ4 தாளில் ரெஜிஸ்ட்ரார் பெயர், முடியும் தேதி, வருடக் கட்டணம் மூன்றையும் அவர் கையாலேயே எழுதி, ஆபீஸ் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, "இவ்வளவுதானா தம்பி? இதுக்கா இத்தனை வருஷம் உன்னைக் கேட்டுட்டு இருந்தேன்?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

நீங்க யாருக்காவது வெப்சைட் செஞ்சு கொடுத்திருந்தா, அப்பா கடைக்கோ, ஃப்ரெண்டோட பேக்கரிக்கோ, இன்னைக்கு ராத்திரியே அவங்களுக்கு ஒரு போன் பண்ணி அந்த மூணு வரியைச் சொல்லிடுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.